ஒரே கழுத்துல ரெண்டு தடவ விரிசல்: பழைய கார்டன் டிராக்டர் சைலன்சர் மாத்தினது பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

மொத தடவ சைலன்சர் போனப்ப துருதான் காரணம்னு முடிவு பண்ணேன், அதுல தப்பும் இல்ல, 40 வருஷத்துக்கு மேல ஓடின வண்டி, டப்பாவோட அடிப்பக்கம் தகரம் சல்லடையா ஆகியிருந்துச்சு, பழச கழட்டி புதுசு மாட்டிட்டேன். ஆனா அந்த புதுசு ரெண்டாவது சீசன் முடியறதுக்குள்ளயே சத்தம் மாறிப்போச்சு. டப்பா அப்படியே புதுசு மாதிரி இருக்கு, ஒரு ஓட்டை கிடையாது, அப்பறம் எங்கேருந்து சத்தம்? அத தேடிப்போனதுல கத்துக்கிட்டத எல்லாம் இங்க எழுதறேன், ஏன்னா பழைய புல்வெட்டுற டிராக்டர் வெச்சிருக்கிற நெறைய பேர் நான் மொத தடவ செஞ்சததான் செய்றாங்க, டப்பாவ மட்டும் மாத்திட்டு வேலை முடிஞ்சுதுன்னு போயிடறாங்க.

வண்டிய பத்தி சுருக்கமா சொல்லிடறேன். ஒத்த சிலிண்டர், காத்துல குளிர்ற பெட்ரோல் என்ஜின், 12 குதிரைத்திறன், பிளாக் முழுக்க வார்ப்பிரும்பு. எக்ஸாஸ்ட் போர்ட்ல, அதாவது பிளாக்லேருந்து புகை வெளிய வர்ற துளைல, உள்பக்கம் மரை வெட்டியிருக்கும், அதுல 1 இன்ச் நிப்பிள் (ரெண்டு முனையிலயும் மரை வெட்டின குட்டை பைப், கழுத்துன்னு சொல்றது இதத்தான்) ஏறும், அதுக்கு மேல ஒரு எல்போ (வளைஞ்ச பைப் துண்டு), எல்போல சைலன்சர். ஃப்ளேஞ்ச், அதாவது தட்டையான விளிம்பு, வெச்சு ரெண்டு போல்ட்ல முடுக்குற வகையும் உண்டு, அது வேற மாதிரி வேலை, கடைசில ஒரு வார்த்தை சொல்றேன்.

கோளாறு தெரிஞ்ச விதம் இதுதான். ஆக்ஸிலேட்டர குறைக்கும்போது பட் பட்னு வெடிக்கிற சத்தம். லோடுல போகும்போது உஸ்ஸுன்னு ஒரு சீறல், பானட்டுக்கு உள்ள இருந்து வருது. ஒரு மணி நேரம் புல் வெட்டிட்டு இறங்கினா தலை கனமா இருக்கு. நான் நேரா கார்புரேட்டர்ல கைய வெச்சேன், பெட்ரோல் பத்தலன்னு நெனச்சு மெயின் ஊசிய (பெட்ரோல் அளவ கூட்டிக் குறைக்கிற திருகு) திறந்து விட்டேன், வெடிக்கிறது கொஞ்சம் குறைஞ்சுது ஆனா புகை கருப்பா வந்துச்சு, பிளக் கரி பிடிச்சுது. அது தப்பான வழி. எக்ஸாஸ்ட் பைப்ல சின்ன விரிசல் இருந்தா ஒவ்வொரு புகைத் துடிப்புக்கு அப்பறமும் உள்ள ஒரு கணம் அழுத்தம் வெளிக்காத்த விட குறைவா போகும், அந்த நேரத்துல விரிசல் வழியா வெளிக்காத்து உள்ள போகும், எரியாத பெட்ரோல் ஆவியோட சேர்ந்து சைலன்சருக்குள்ள பத்திக்கும். அந்த வெடிச்சத்தம் கேட்டா கார்புரேட்டர தொடறதுக்கு முன்னாடி எக்ஸாஸ்ட்ல ஒழுகல் இருக்கான்னு பாருங்க, பாதி நாள் மிச்சம்.

தலை கனமா இருந்தத நான் வெயில்னு நெனச்சு விட்டுட்டேன், அதுதான் இந்த விஷயத்துலயே பெரிய ஆபத்து. பானட்டுக்குள்ள ஒழுகுற புகைல கார்பன் மோனாக்சைடு இருக்கு, அதுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, ரத்தத்துல ஆக்ஸிஜன் ஒட்டுற இடத்துல அதவிட 200 மடங்குக்கு மேல பலமா ஒட்டிக்கும். சைலன்சர் வாய் ஓட்டுறவர விட்டு விலகி இருக்கிற மாதிரிதான் வெச்சிருப்பாங்க, ஆனா விரிசல் போர்ட் பக்கத்துல விட்டா குளிர்விக்கிற ஃபேன் காத்தே அந்த புகைய நேரா சீட்டு பக்கம் தள்ளும். அதனால ஷெட்டுக்குள்ள ஓட்டி டெஸ்ட் பண்றத மட்டும் செய்யாதீங்க, கதவு திறந்திருந்தாலும் வேணாம்.

ஒழுகல் எங்கன்னு கண்டுபிடிக்க என்ஜின் ஓடணும்னே இல்ல. என்ஜின் ஆறினதுக்கு அப்பறம் வேக்குவம் கிளீனர் ஹோஸ ஊதுற பக்கம் மாத்தி சைலன்சர் வாய்ல துணி சுத்தி வெச்சேன், சோப்பு தண்ணிய பிரஷ்ல தொட்டு ஒவ்வொரு மூட்டுலயும் தடவினேன். டப்பால ஒண்ணும் இல்ல. எல்போல ஒண்ணும் இல்ல. போர்ட்ட விட்டு நிப்பிள் வெளிய வர்ற மொத மரைல பாதி சுத்துக்கு நுரை பொங்குச்சு. அங்க கிட்டத்துல பாத்தா கருப்பா கரிக்கோடும் இருந்துச்சு, அது எப்பவுமே உண்மைய சொல்லும், புகை போற வழிய எழுதி வெச்சிருக்கும்.

கம்பி பிரஷ் போட்டு அந்த இடத்த தேச்சப்பதான் விஷயம் புரிஞ்சுது. துருக்கு அடியில மஞ்சளா மின்னுச்சு. பித்தளை வெல்டிங். எனக்கு முன்னாடி வெச்சிருந்தவங்க யாரோ இதே இடத்துல விட்ட விரிசல பித்தளை ஊத்தி அடைச்சிருக்காங்க, அந்த பித்தளை ஓரத்துலயே இப்ப மறுபடி விட்டிருக்கு. நான் மொத தடவ டப்பா மாத்தினப்ப நிப்பிள் இறுக்கமா இருக்கு நல்லாத்தான் இருக்குன்னு அத தொடாமலே விட்டுட்டேன். ஆக ரெண்டு பேர் ரெண்டு காலத்துல ரிப்பேர் பண்ணியும் ஒரே இடம் ஒடஞ்சிருக்கு, அப்ப துருவ மட்டும் குத்தம் சொல்ல முடியாது, அந்த இடத்துக்கு ஏதோ ஒண்ணு தொடர்ந்து வேலை குடுத்துட்டு இருக்கு.

என்ன வேலைன்னு கணக்கு போட்டு பாத்தேன். இந்த என்ஜின் வேலை செய்ற வேகம் நிமிஷத்துக்கு 3600 சுத்து, அதாவது நொடிக்கு 60. ஒத்த சிலிண்டர்ல பிஸ்டன் மேல கீழ போறத ஈடுகட்ட பக்கத்துல இன்னொரு சிலிண்டர் கிடையாது, அதனால ஒவ்வொரு சுத்துக்கும் என்ஜின் ஒரு தடவ உலுக்கும். ஒரு மணி நேரத்துக்கு 2,16,000 உலுக்கல். 40 மணி நேரம் ஓடினா 86 லட்சத்த தாண்டிடும். இரும்பு எல்லாம் பொதுவா களைச்சு விரிசல் விடறது பத்து லட்சம், கோடி சுழற்சி கணக்குலதான், அதனால ஒரு சீசன் ரெண்டு சீசன்ல போறது ஆச்சரியமே இல்ல. அடுத்தது தடிமன். 1 இன்ச் பைப்புன்னு சொல்றது பேருக்குத்தான், வெளி விட்டம் 33.4 மிமீ, சாதாரண ஷெட்யூல் 40 பைப்போட (ஷெட்யூல்ங்கறது சுவர் தடிமன குறிக்கிற நம்பர்) சுவர் 3.38 மிமீ. அதுல மரை வெட்டும்போது 1.77 மிமீ ஆழம் போயிடுது. மிச்சம் 1.6 மிமீ, அதாவது பாதிக்கும் குறைவு, அதுவும் மரையோட அடி கூர்மையான வெட்டு, விரிசல் ஆரம்பிக்க அதவிட வசதியான இடம் வேண்டாம். அந்த பாதி சுவர்ல எல்போ, டப்பா ரெண்டோட எடையும் ஒரு நெம்புகோல் மாதிரி தொங்கிட்டு நொடிக்கு 60 தடவ ஆடுது.

அப்படி ஆடாம இருக்க ஏதாவது வெச்சிருப்பாங்களேன்னு என்ஜின சுத்தி தேடினேன். சிலிண்டர் பக்கத்துல ரெண்டு காலி போல்ட் ஓட்டை, உள்ள மண்ணும் கிரீஸும் அடைச்சு கிடக்கு, ஓரத்துல மட்டும் ஒரு பட்டை அழுந்தி இருந்த தடம். அதுதான் சைலன்சர் தாங்கி இருந்த இடம். எப்பவோ கழட்டினவங்க திரும்ப மாட்டல. என்ன பொறுத்தவரைக்கும் இந்த மொத்த கேஸோட காரணமும் அந்த ரெண்டு காலி ஓட்டைதான்.

துருவோட பங்கையும் விட்டுட முடியாது. பெட்ரோல் எரிஞ்சா தண்ணி வரும், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா போகுது. சைலன்சர் நல்லா சூடானா அது வெளிய போயிடும், ஆனா வண்டிய ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷம் ஓட்டி இடம் மாத்தி நிறுத்தினா அந்த ஆவி உள்ளயே தண்ணியாகி டப்பா அடியில தேங்கும், புகைல இருக்கிற அமிலமும் அதுல கரையும். பழைய டப்பா அடிப்பக்கம் மட்டும் சல்லடை ஆனது அதனாலதான். அத அறுத்து பாத்தேன், உள்ள தடுப்புத் தகடு ரெண்டுல ஒண்ணு ஒட்டு விட்டு தனியா கிடந்துச்சு, தட்டினா கடகடன்னு சத்தம் வந்தது அதுலதான். சில வண்டில இந்த தகடு சாஞ்சு வழிய அடைச்சுட்டு வண்டி இழுக்காம போறதும் உண்டு.

இனி கழட்டின கதை. மூணு நாள் துரு இளக்குற ஆயில காலைல சாயங்காலம்னு ஊத்தினேன், நடுவுல சுத்தியால லேசா தட்டினேன், அந்த அதிர்வுலதான் ஆயில் மரைக்குள்ள இறங்கும். நாலாவது நாள் பைப் ரெஞ்ச போட்டு அழுத்தினதும் இளகிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன், பாத்தா விரிசல் விட்ட இடத்துலயே திருகி ஒடஞ்சு மிச்ச நிப்பிள் போர்ட்டுக்குள்ள தங்கிடுச்சு. ஏற்கனவே பாதி சுத்து அறுந்த பைப்புல ரெஞ்ச் போட்டா வேற என்ன நடக்கும், அதனால விரிசல் தெரிஞ்ச நிப்பிள்னா மொதல்லயே அறுக்கிற வழிக்கு தயாரா இருங்க.

செஞ்சது இதுதான். மொதல்ல பிளக்க கழட்டிட்டு ஃப்ளைவீல கையால சுத்தி பிஸ்டன கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்ல மேல கொண்டு வந்து நிறுத்தினேன், அப்ப ரெண்டு வால்வும் மூடியிருக்கும், இரும்புத்தூள் சிலிண்டருக்குள்ள போகாது. போர்ட்டோட உள்பக்கம் கிரீஸ் தடவின துணிய திணிச்சேன், வேலை முடிஞ்சதும் அத எடுக்கணும்னு ஸ்டீரிங்ல ஒரு பேப்பர் எழுதி ஒட்டினேன். அப்பறம் ஹேக்ஸா பிளேட கையில பிடிச்சு, ஃப்ரேம் இல்லாம, நிப்பிளோட உள்சுவர்ல நீளவாக்குல ஒரு காடி. அதுக்கு பக்கத்துல ஒரு விரல் அகலம் விட்டு இன்னொரு காடி. இது பொறுமை வேலை, எனக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. எங்க நிறுத்தணும்னுதான் முக்கியம், மரையோட நுனி வெள்ளியா கோடு மாதிரி தெரிய ஆரம்பிச்சதும் நிறுத்திடணும், அதுக்கு மேல போனா பிளாக்கோட மரை வெட்டுப்படும். ரெண்டு காடிக்கு நடுவுல இருந்த துண்ட சின்ன உளியால உள்பக்கமா மடிச்சதும் மிச்ச வளையம் தளர்ந்து கையாலயே வந்துடுச்சு. ஈஸி அவுட் (உள்ள ஒடஞ்சு மாட்டினத திருகி எடுக்கிற கருவி) மாதிரி சாதனத்த நான் இதுக்கு போடல, அது ரொம்ப கடினமான இரும்பு, உள்ள ஒடஞ்சா டிரில்லே இறங்காது.

மரைய சுத்தம் பண்ண டேப் (மரை வெட்டுற கருவி) ஓட்டும்போது அதோட காடியில கிரீஸ் அடைச்சுக்கிட்டேன், தூள் அதுல ஒட்டிக்கிச்சு. இங்க ஒரு எச்சரிக்கை. 1 இன்ச் பைப் மரைல ரெண்டு வகை கிடைக்குது, அமெரிக்க அளவான என்பிடின்னா இன்ச்சுக்கு 11.5 மரை, கோணம் 60 டிகிரி, பிரிட்டிஷ் அளவான பிஎஸ்பின்னா இன்ச்சுக்கு 11 மரை, கோணம் 55 டிகிரி. ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், ஒண்ணுல ஒண்ணு ரெண்டு மூணு சுத்து ஏறவும் செய்யும், அப்பறம் இறுகும், டேப்பர் மரைங்கறதால, அதாவது போகப் போக விட்டம் மாறுற மரைங்கறதால, இறுகறது இயல்புன்னு நெனச்சு ரெஞ்ச போட்டா பிளாக் மரை நாசம். எனக்கு கடையில மொதல்ல குடுத்தது பிஎஸ்பி, கையால ஏத்தும்போது ரெண்டு சுத்துலயே நின்னதால சந்தேகப்பட்டு மரை கேஜ் வெச்சு பாத்தேன். சரியான மரைன்னா கையாலயே நாலு சுத்து கிட்ட போகும்.

நிப்பிள் எத வாங்கறதுன்னு யோசிச்சதுல ஷெட்யூல் 80 எடுத்தேன். அதோட சுவர் 4.55 மிமீ, மரை போக மிச்சம் 2.8 மிமீ, பழசோட 1.6 க்கு எவ்வளவு வித்தியாசம் பாருங்க. உள் விட்டம் 26.6 லேருந்து 24.3 க்கு குறையும், ஆனா போர்ட்டோட துளையே எனக்கு 25 கிட்டத்தான் இருந்துச்சு, அதனால புகைக்கு பெரிய தடை இல்ல. கால்வனைஸ் பண்ண பைப் வேணவே வேணாம், துத்தநாகம் 419 டிகிரிலயே உருகிடும், போர்ட் பக்கத்துல வர்ற புகை அதவிட ரொம்ப சூடு, அந்த பூச்சுலேருந்து வர்ற ஆவி மூச்சுக்கு கெடுதல். சாதாரண கருப்பு இரும்பு பைப்தான் சரி.

டப்பா விஷயத்துல, போன தடவ வாங்கினதே நல்லா இருந்ததால அதையே வெச்சுக்கிட்டேன். புதுசா எடுக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், உள்ள நுழையற துளை போர்ட்ட விட சின்னதா இருக்கக் கூடாது, டப்பாவோட கொள்ளளவு பழசுக்கு குறையக் கூடாது. சின்ன டப்பா மாட்டினா காதுக்குத்தான் செலவு. பொதுவா வெச்சிருக்கிற கணக்கு 85 டெசிபல்னா 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், அப்படி பாத்தா 100 டெசிபல்ல 15 நிமிஷம்தான். சைலன்சர் நல்லா இருந்தாலும் நான் காதுக்கு மஃப் போடாம ஏறறதில்ல.

நிப்பிள் மரைல நிக்கல் ஆன்டி சீஸ் (மரை சூட்டுல பிடிச்சுக்காம இருக்க தடவுற பசை) தடவினேன். டெஃப்லான் டேப்போ சிவப்பு சிலிக்கானோ இந்த இடத்துல தாங்காது, கருகி உதிர்ந்துடும். டேப்பர் மரை தானாவே இறுகி மூடும், மிச்சமிருக்கிற மயிரிழை இடுக்க கரி அடைச்சுக்கும். கையால ஏத்தி, அப்பறம் ரெஞ்ச்ல ரெண்டு சுத்து, அவ்வளவுதான், வார்ப்பிரும்பு போர்ட்ல டேப்பர் மரைய மேல மேல இறுக்கினா போர்ட்டே ஆப்பு வெச்ச மாதிரி பிளந்துடும்.

இப்ப தாங்கி. இதுலதான் எனக்கு அதிக நேரம் போச்சு. அந்த ரெண்டு காலி ஓட்டைலேருந்து 5 மிமீ தடிமன் பட்டை வளைச்சு டப்பாவோட நடு வரைக்கும் கொண்டு வந்து அங்க ஒரு கிளாம்ப். மொதல்ல சேஸிஸ்ல பிடிக்கலாமான்னு தோணுச்சு, இடம் தாராளமா இருக்கு, ஆனா என் வண்டில என்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு, அது ஒரு பக்கம் ஆடும் சேஸிஸ் ஒரு பக்கம் நிக்கும், நடுவுல மாட்டின நிப்பிள் முன்ன விட சீக்கிரமா ஒடையும். தாங்கி எப்பவும் என்ஜின்லயே இருக்கணும், ரெண்டும் ஒண்ணா ஆடணும். அடுத்தது சூடு. இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.012 மிமீ நீளும், போர்ட்லேருந்து கிளாம்ப் வரைக்கும் 300 மிமீ, 400 டிகிரி ஏறினா 1.4 மிமீ நீளம் கூடுது. அத இறுக்கி கட்டிப்போட்டா அந்த விசை முழுக்க மறுபடி அதே கழுத்துக்குத்தான் போகும். அதனால பட்டைல வட்ட ஓட்டைக்கு பதிலா 4 மிமீ அதிக நீளமா நீள்ஓட்டை போட்டு, அடியில ஸ்பிரிங் வாஷர் வெச்சு, நகர முடியற அளவுக்கு மட்டும் முடுக்கி டபுள் நட்டு போட்டேன். இன்னொண்ணு, பட்டைய டப்பா இருக்கிற இடத்துக்கு வளைக்கணும், டப்பாவ இழுத்து பட்டைக்கு கொண்டு வரக் கூடாது. போல்ட்ட எடுத்துட்டு பாத்தா டப்பா ஒரு மயிரளவு கூட நகரக் கூடாது, நான் மூணு தடவ வளைச்சு பாத்துதான் அது வந்துச்சு.

டப்பாவோட தாழ்வான மூலைல 3 மிமீ ஓட்டை ஒண்ணு போட்டேன், தேங்குற தண்ணி சொட்டி போக. இத சிலர் ஒத்துக்க மாட்டாங்க, லேசா சீறும்னு சொல்வாங்க, சீறுது உண்மைதான், ஆனா அடி அழுகி போறதுக்கு இது எவ்வளவோ மேல். ஓட்டை பெட்ரோல் டேங்க் பக்கமோ ஓட்டுறவர் கால் பக்கமோ பாக்காம இருக்கணும். காஞ்ச புல் ஒட்டுற இடத்துக்கு நேராவும் வேணாம்.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி உள்ள திணிச்ச துணிய எடுத்து, தூள வேக்குவத்துல உறிஞ்சு, பேப்பர கிழிச்சேன். ஊசிய பழைய அளவுக்கே திருப்பினேன், அப்ப திறக்கும்போது எத்தன சுத்துன்னு எண்ணி வெச்சிருந்தது நல்லதா போச்சு. வெளிய நிறுத்தி பத்து நிமிஷம் மெதுவா ஓடவிட்டேன், பெயின்ட்டும் ஆன்டி சீஸும் புகைஞ்சுது, அது இயல்பு. ஆறினதும் சோப்பு தண்ணி டெஸ்ட் மறுபடி, சொட்டு ஓட்டைய தவிர எங்கயும் நுரை இல்ல. ஒரு மணி நேரம் ஓடினப்பறம் ஒரு தடவ, அஞ்சு மணி நேரத்துல ஒரு தடவ போல்ட்ட பாத்தேன், மொத தடவ கிளாம்ப் கால் சுத்து தளர்ந்திருந்துச்சு.

ஃப்ளேஞ்ச் வகை வெச்சிருக்கிறவங்களுக்கு சொல்றேன்னு சொன்னது: அதுல பழைய கேஸ்கட்ட திரும்ப போடாதீங்க, ஃப்ளேஞ்ச் முகம் வளைஞ்சிருக்கான்னு கண்ணாடி மேல வெச்சு பாருங்க, போல்ட் தலைய மடிச்சு பிடிக்கிற பூட்டுத் தகடு இருந்தா அது கண்டிப்பா புதுசு வேணும். அலுமினிய பிளாக்னா போல்ட்ட இளக்க சூடு காட்டறது நல்லா வேலை செய்யும், அலுமினியம் இரும்ப விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். தாங்கி விஷயம் அதுக்கும் இதேதான்.

இப்ப 45 மணி நேரம் ஓடியாச்சு. வெடிக்கிற சத்தம் இல்ல, பிளக் பழுப்பு நிறத்துல இருக்கு, இறங்கும்போது தலை தெளிவா இருக்கு. வண்டிய எடுத்தா குறைஞ்சது 15 நிமிஷமாவது லோடுல ஓட்டாம நிறுத்தறதில்லைன்னு வெச்சிருக்கேன். போன வாரம் பானட்ட திறந்து கழுத்த துடைச்சு லென்ஸ் வெச்சு மொத மரைய சுத்தி முழுக்க பாத்தேன், ஒரு கோடு கூட இல்ல. தாங்கியோட நீள்ஓட்டைல மட்டும் வாஷர் போய் வந்த இடம் பளபளன்னு தேஞ்சு இருக்கு, அளந்தா ஒண்ணரை மிமீ.